கோபுரத்துக்கு நிய்யத் உண்டா?



வவுனியாவில் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறுகிறீர்கள். ஓமந்தையைத் தாண்டும்போது, புத்தளத்தில் இருக்கும் உங்கள் உம்மாவுக்குக் கைத்தொலைபேசியில் அழைப்பு எடுக்கிறீர்கள். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே செல்கின்றன. முறிகண்டியை அடையும்போதும் உம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கின்றது. இதற்கிடையில் உங்கள் பேச்சு எத்தனையோ கோபுரங்களுக்குக் கைமாறிவிட்டது. ஒன்று விட, அடுத்தது பிடிக்க, உங்களுக்குத் தெரியாமலே எல்லாம் நடந்து முடிந்திருக்கின்றது.

எந்தக் கோபுரம் எப்போது விட வேண்டும், எது எப்போது பிடிக்க வேண்டும் என்று தீர்மானித்தது யார்? கோபுரத்தடியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பொறியியலாளர்கள் முன்கூட்டியே எழுதிவைத்த எண்களைப் பார்த்து இயந்திரம் தீர்மானித்தது. இன்று உலகில் நடந்துவரும் மாற்றம் என்னவென்றால், அந்த எண்களை எழுதும் வேலையையும் இயந்திரத்திடமே ஒப்படைப்பதாகும்.

"இது பொறியியலாளர்களின் விடயம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் ஒரு பகுதியினர் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மீண்டும் குடியேறியிருக்கிறார்கள். அவர்களின் உறவுகளோ இன்னும் புத்தளத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றார்கள். வன்னியில் எந்தச் சமூகத்தைச் சேர்ந்த வீட்டை எடுத்தாலும் போரினாலோ பிழைப்பினாலோ சிதறிய குடும்பம் ஒன்று இருக்கவே செய்யும். அக் குடும்பங்களைச் சேர்த்துவைத்திருக்கும் கயிறு இந்தத் தொலைபேசிதான். அந்தக் கயிற்றை யார் பிடித்திருக்கிறார் என்று கேட்பது நமது உரிமை.

பூட்டிய பெட்டியும் திறந்த பெட்டியும்

கோபுரத்தின் உச்சியில் அலைகளை அனுப்பவும் வாங்கவும் அன்டெனாக்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வானொலிக் கருவி இருக்கின்றது. நம் குரலை எண்களாக்கிக் கணக்குப் போடும் கணினிப் பெட்டி வேறாக இருக்கின்றது. கைத்தொலைபேசிக்கும் கம்பனியின் நடு நிலையத்துக்கும் இடையில் நிற்கும் இவை எல்லாவற்றையும் சேர்த்து 'வானலை அணுகல் வலையமைப்பு' என்கின்றார்கள். ஒரு தொலைபேசிக் கம்பனி செலவிடும் மின்சாரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகின்றது.

நீண்ட காலமாக இந்தக் கருவியும் பெட்டியும் ஒரே நிறுவனத்திடமிருந்தே வாங்கப்பட்டன. எரிக்சன், நொக்கியா, ஹுவாவி, சாம்சங், இசட்.டி.ஈ. போன்ற சில நிறுவனங்களே உலகச் சந்தையின் பெரும்பகுதியைத் தம் வசம் வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கருவியோடு இன்னொன்றின் பெட்டி பேசாது.

நம் ஊர் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். சங்கிலியை ஒரு கடையிலும் டயரை இன்னொரு கடையிலும் வாங்கிப் பூட்டலாம். அளவு பொதுவானது என்பதே காரணம். கோபுரமோ அப்படியிருக்கவில்லை. முழுச் சைக்கிளையும் ஒரே கடையில் வாங்கி, ஆயுள் முழுவதும் அதே கடையில் திருத்த வேண்டியவர் நிலையில்தான் தொலைபேசிக் கம்பனிகள் இருந்தன.

இதை மாற்றுவதற்காக 2018 பெப்ரவரியில் 'ஓ-ரான் கூட்டமைப்பு' உருவானது. அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி., சீனாவின் சைனா மொபைல், ஜேர்மனியின் டொய்ச்ச டெலிகொம், ஜப்பானின் என்.டி.டி. டொகொமோ, பிரான்ஸின் ஒரேஞ்ச் ஆகிய ஐந்து கம்பனிகள் இதனை ஆரம்பித்தன. ஒரு பகுதி மற்றப் பகுதியோடு இணையும் வாய்களுக்குப் பொது நியமங்களை எழுதுவது அதன் பணி. நியமம் பொதுவானால் யாரும் பாகம் செய்யலாம், யாரிடமும் வாங்கலாம்.

ஜப்பானின் ரகுடென் நிறுவனம் 2020 ஏப்ரலில் இந்த வழியில் நாடளாவிய புதிய தொலைபேசிச் சேவை ஒன்றை ஆரம்பித்தது. பல நிறுவனங்களின் பாகங்களைச் சேர்த்து, பெரும்பாலான வேலைகளைச் சாதாரணக் கணினிகளில் ஓடும் மென்பொருளிடம் விட்டது. புதிதாக நிறுவப்படும் நிலையம் தானே தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும் முறையையும் ஏற்படுத்தியது. தொழில்நுட்பம் பேசப்பட்ட அளவுக்கு இலாபம் உடனே வரவில்லை. பல ஆண்டுகள் பெருநட்டத்தைச் சுமந்தே அந்நிறுவனம் நடந்தது. அமெரிக்காவில் ஏ.டி. அன்ட் டி. 2023 டிசம்பரில் ஏறத்தாழ 1,400 கோடி டொலர் பெறுமதியான ஐந்தாண்டுத் திட்டமொன்றை அறிவித்தது. 'திறந்த' வலையமைப்பு என்ற பெயரில் வந்த அத்திட்டத்தின் பெரும் பங்கு எரிக்சன் என்ற ஒரே நிறுவனத்துக்கே போனது. ஆகவே 'திறந்தது' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் திறந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

இயந்திரம் எப்படி நிர்வகிக்கின்றது?

ஒவ்வொரு கோபுரத்துக்கும் எழுதப்பட வேண்டிய எண்கள் ஏராளம். அன்டெனா எத்தனை பாகை சாய வேண்டும், எவ்வளவு சக்தியுடன் அலையை அனுப்ப வேண்டும், அயற் கோபுரங்கள் எவை, கைமாற்றம் எந்தக் கட்டத்தில் நடைபெற வேண்டும் என்றெல்லாம் எழுத வேண்டும். கைமாற்றம் பிந்தினால் பேச்சு அறுந்துவிடும். முந்தினால் இரு கோபுரங்களுக்கிடையில் பந்து போல அங்குமிங்கும் அடிபடும். பல நிறுவனங்களின் பாகங்கள் ஒன்று சேரும்போது இந்த எண்கள் மேலும் பெருகுகின்றன. மனிதர்கள் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்துவது இயலாத காரியமாகிவிடுகின்றது.

தன்னைத்தானே ஒழுங்கு செய்யும் வலையமைப்பு என்ற எண்ணம் புதியதன்று. 2008 இல் நிறைவு பெற்ற உலக நியமத்திலேயே அதற்கு இடமளிக்கப்பட்டது. அயற் கோபுரங்களின் பட்டியலைக் கோபுரமே தயாரித்துக்கொள்வது அவ்வாறு வந்ததுதான். ஓ-ரான் அதனை ஒழுங்கான ஒரு நிர்வாக அமைப்பாக்கியது.

அதில் மூன்று படிகள் உண்டு. ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவுகளைக் கோபுரத்தின் பெட்டியே எடுக்கின்றது. அதற்கு மேல் ஒரு விநாடி வரையான முடிவுகளை, பல கோபுரங்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு கட்டுப்பாட்டகம் எடுக்கின்றது. ஒரு விநாடிக்கு மேல், மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் பார்த்து எடுக்கும் முடிவுகள் இன்னும் மேலேயுள்ள கட்டுப்பாட்டகத்துக்குரியவை. இது பழைய பதிவுகளைப் படித்து, எந்த நேரத்தில் எங்கே கூட்டம் கூடும் என்று கற்றுக்கொள்கின்றது. பின்னர், "இதைக் குறிக்கோளாக வைத்து நடந்துகொள்" என்று கீழேயுள்ளவற்றுக்குக் கொள்கை அனுப்புகின்றது. உங்கள் கைத்தொலைபேசியில் செயலிகளைப் போடுவது போல, இந்தக் கட்டுப்பாட்டகங்களிலும் பல நிறுவனங்கள் எழுதிய செயலிகளைப் போடலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒன்று, நெரிசலைப் பங்கிட ஒன்று, கைமாற்றத்தைச் சீராக்க ஒன்று என அவை அமையும்.

தானே இயங்கும் கருவிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் நீரின் மட்டத்தைத் தாமே சரிசெய்யும் கருவிகளைப் பற்றி நூல் எழுதினார்கள். 1206 இல் அல்ஜஸரீ நீர்க் கடிகாரங்களையும் இயந்திரங்களையும் விவரித்து எழுதி முடித்தார். கணினிக்குரிய கட்டளை வரிசையை உலகம் 'அல்கோரிதம்' என்று அழைப்பதும் அல்குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயரினால்தான். எனவே கருவியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை எதற்காக ஏவுகின்றோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

வன்னிக்கு இதனால் கிடைக்கக்கூடியது

ஒரு கோபுரம் விழுந்தாலோ செயலிழந்தாலோ, அயற் கோபுரங்கள் தம் அன்டெனாவின் சாய்வையும் சக்தியையும் மாற்றி அந்த இடைவெளியை இயன்றளவு மூடிக்கொள்ள முடியும். இரவு இரண்டு மணிக்கு நடந்தாலும் கொழும்பில் ஒருவர் எழுந்து பார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் அப்பால் காடும் குளமுமாகக் கிடக்கும் நிலத்தில், திருத்துநர் வந்து சேரவே பல மணி நேரம் செல்லும். அத்தகைய இடங்களுக்கு இது பெரிய உதவியாகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது நாம் கண்டதென்ன? மின்சாரம் போனது. தரையடியில் சென்ற இழைக் கம்பிகள் அறுந்தன. கோபுரங்கள் ஊமையாயின. வெள்ளத்தில் நிற்கும் மகனுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் எத்தனை தாய்மார் தவித்திருப்பார்கள்! 1990 அம்புலன்ஸ் சேவையை அழைப்பதற்கும், 117 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை அழைப்பதற்கும் முதலில் சிக்னல் வேண்டுமல்லவா?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மின்கலமும் ஜெனரேட்டரும் எரிபொருளும் இல்லாத கோபுரத்தை எந்த மென்பொருளாலும் எழுப்ப முடியாது. கோபுரங்கள் வெகுதூரத்துக்கு ஒன்றாக இருக்கும் இடத்தில், அயற் கோபுரம் எவ்வளவு சாய்ந்தாலும் அலை எட்டாத கிராமம் எட்டாமலே இருக்கும். தன்னியக்கம் இருப்பதைப் பங்கிடும். இல்லாததை உண்டாக்கித் தராது.

நிய்யத் யாருடையது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகின்றோம். ஸஹீஹ் புகாரி நிய்யத் பற்றிய ஹதீஸைக் கொண்டே ஆரம்பமாகின்றது என்பது நீங்கள் அறிந்ததே. செயலின் பெறுமதி அதன் பின்னுள்ள எண்ணத்தில் இருக்கின்றது. வியப்பு என்னவென்றால், இன்றைய பொறியியலாளர்களும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் குறிக்கோளை 'எண்ணம்' என்ற பொருள்படும் சொல்லாலேயே குறிப்பிடுகின்றார்கள். ஆனால் இயந்திரத்துக்கு எண்ணம் இல்லை. கொடுத்த குறிக்கோள் மட்டுமே அதனிடம் உண்டு. நிய்யத் அதை எழுதியவருடையது.

ஓர் உதாரணம். "இரவில் மின்சாரத்தை மிச்சப்படுத்து" என்று ஒரு செயலிக்குச் சொல்லப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். வவுனியா நகரில் ஒரே இடத்தில் பல அலைவரிசைகள் அடுக்கடுக்காக இருக்கலாம். நள்ளிரவுக்குப் பின் அவற்றில் சிலவற்றை உறங்க வைத்தால் யாருக்கும் பாதிப்பில்லை. மீதமுள்ளது போதும். காட்டோரக் கிராமமொன்றிலோ ஒரே ஒரு அலைவரிசைதான் எட்டுகின்றது. இரவில் அதைப் பயன்படுத்துபவர் இரண்டு பேர் மட்டுமே என்று கணக்குக் காட்டும். இலாபத்தை மட்டும் பார்க்கும் குறிக்கோளுக்கு, உறங்க வைப்பதற்கு மிகப் பொருத்தமான இடம் அதுவே. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் பிரசவ வலியில் துடிக்கும் மகளுக்காக 1990 ஐ அழைப்பவராக இருக்கலாம். "எந்தக் கிராமத்துக்கும் கடைசி அலையை நிறுத்தாதே" என்ற ஒரு வரியை யாராவது முன்கூட்டியே எழுதியிருந்தால் மட்டுமே இயந்திரம் அதைக் காக்கும்.

இரண்டாவது உதாரணம் சராசரி. "எல்லோருடைய சராசரி வேகத்தையும் கூட்டு" என்று சொன்னால், கூட்டம் நிறைந்த நகரத்தில் சிறிது திருத்தினாலே சராசரி உயர்ந்துவிடும். கிராமம் அப்படியே கிடக்கும், கணக்கு அழகாக இருக்கும். ஸகாத்தை ஊரின் சராசரிச் செல்வத்தைப் பார்த்து நாம் கொடுப்பதில்லை. ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பார்க்கின்றோம். சராசரியில் ஏழை மறைந்துவிடுவான்.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. இயந்திரம் பதிவுகளைப் படித்தே கற்கின்றது. அழைப்பு அறுந்தால் அது பதிவாகும். ஆனால் அலையே எட்டாத இடத்தில் நிற்பவர் எடுக்க முயன்ற அழைப்பு எங்கும் பதிவாவதில்லை. அவர் இருப்பதே இயந்திரத்துக்குத் தெரியாது. முறையிடாதவர்களுக்குக் குறையில்லை என்று அது எடுத்துக்கொள்ளும். தம் ஆட்சியில் ஒரு விலங்கு பாதையில் இடறினாலும் தம்மிடம் கேட்கப்படுமே என்று அஞ்சியவர் உமர் (ரலி) அவர்கள். பதிவில் இல்லாதவரையும் தேடிப் பார்ப்பதே அந்த அச்சத்தின் பொருள். அந்த அச்சம் மனிதனுக்கே வரும்.

தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு?

செயலிகள் பலவாகும்போது அவை தமக்குள் மோதுவதும் உண்டு. மின்சாரம் சேமிக்கும் செயலி ஓர் அலையை அணைக்கப் பார்க்கும். நெரிசலைப் பார்க்கும் செயலி அதே அலையைக் கூட்டப் பார்க்கும். இதைத் தீர்க்க நடுவர் வேண்டுமென்று ஓ-ரான் அமைப்பிலும் சொல்லப்பட்டுள்ளது. அது இலேசான வேலையன்று.

வேகமும் ஓர் ஆபத்து. ஒரு மனிதன் தவறான எண்ணை ஒரு கோபுரத்தில் எழுதினால் ஓர் ஊர் பாதிக்கப்படும். தன்னியக்க முறையில் ஒரு தவறான கொள்கை ஆயிரம் கோபுரங்களுக்கு ஒரே நேரத்தில் போய்விடலாம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறு முழு நாட்டையும் இருளாக்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பில் சிறு தவறு சிறிதாகவே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

2025 செப்டெம்பர் 18 அன்று அவுஸ்திரேலியாவின் ஒப்டஸ் கம்பனியில் நடந்ததைப் பாருங்கள். வலையமைப்பின் ஒரு பாதுகாப்புப் பகுதியைப் புதுப்பிக்கும் வேலையில் தவறு நேர்ந்தது. சாதாரண அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன. அவசர எண்ணான 000 க்கான நூற்றுக்கணக்கான அழைப்புகள் மட்டும் பல மணி நேரம் போகவில்லை. மரணங்களும் அச்சம்பவத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டன. அபாய மணி எதுவும் ஒலிக்கவில்லை. வாடிக்கையாளர் சிலர் கம்பனிக்கு அறிவித்தும் அச்செய்தி உரியவர்களை உரிய நேரத்தில் சென்றடையவில்லை. இது திறந்த வலையமைப்பினால் வந்த தவறன்று, மனிதர் செய்த வேலையில் வந்த தவறு. ஆனாலும் பாடம் ஒன்றே. 'எல்லாம் நன்றாக இருக்கின்றது' என்று கருவிகள் காட்டும் வேளையிலும், மனிதர் சொல்லும் முறைப்பாட்டுக்குச் செவிகொடுக்க மனிதர் இருக்க வேண்டும்.

பாகங்கள் பல நிறுவனங்களுடையவை என்றால், தவறு நேரும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. எழுதுபவரும் சாட்சிகளும் அங்கே வலியுறுத்தப்படுகின்றார்கள். நம்பிக்கையுள்ளவர்களுக்கிடையில் கூடப் பொறுப்பு எழுத்தில் இருக்க வேண்டுமென்றால், பல கம்பனிகள் சேர்ந்து நடத்தும் வலையமைப்பில் எந்த முடிவை எந்தச் செயலி எடுத்தது, அதை அனுமதித்தவர் யார் என்பது கட்டாயம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இஸ்லாமியச் சந்தைகளில் தராசைச் சோதிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். வணிகர் நல்லவரா கெட்டவரா என்று பார்த்து அவர் வருவதில்லை. தராசு எல்லோருக்கும் சரியாக நிற்க வேண்டும் என்பதற்காக வந்தார். இந்தப் புதிய தராசுக்கும் முஹ்தஸிப் வேண்டும். நம் நாட்டில் அந்தக் கடமை தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவைச் சார்ந்தது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் ஊரின் குறையைப் பதிவாக்குங்கள். "சிக்னல் இல்லை" என்று திண்ணையில் பேசிக் கலைவதால் பயனில்லை. எந்த இடம், எந்த நேரம், எந்தக் கம்பனி, எத்தனை வீடுகள் என்று எழுதுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில், தேவாலய நிர்வாகங்களும், மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்துக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும், கம்பனிக்கும், ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். இயந்திரத்தின் பதிவில் இல்லாத உங்களைக் காகிதத்திலாவது பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கம்பனிகளின் அதிகாரிகள் ஊருக்கு வரும்போது, வேகம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மின்சாரம் போனால் இந்தக் கோபுரம் எத்தனை மணி நேரம் நிற்கும், இரவில் சேமிப்புக்காக எதை நிறுத்துகின்றீர்கள், கடைசி அலைக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். கேட்கப்படாத கேள்வியைக் குறிக்கோளில் யாரும் எழுதமாட்டார்கள்.

மூன்றாவது, தொலைபேசி முற்றாக நின்றால் என்ன செய்வது என்று வீட்டில் பேசி வைத்திருங்கள். எங்கே கூடுவது, யார் யாரைத் தேடுவது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யார் அறிவிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு.

நான்காவது, பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது. 2021 முதல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களம் 2022 மே 17 அன்று திறந்துவைக்கப்பட்டது. ஓ-ரானுக்கான மென்பொருள்கள் பல, 2019 முதல் யாரும் படிக்கவும் திருத்தவும் கூடியவாறு வெளியிடப்பட்டு வருகின்றன. பூட்டிய பெட்டியின் காலத்தில் வன்னிப் பிள்ளைக்கு அதன் உள்ளே எட்டிப் பார்க்கவும் வழி இருக்கவில்லை. இன்று ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் படிக்கலாம். வானலையைப் பரப்புவதற்கு மட்டும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

மகனோ மகளோ நாளை அந்தச் செயலியை எழுதுபவராக வரலாம். அப்போது குறிக்கோள் எழுதும் இடத்தில், "எந்தக் கிராமத்துக்கும் கடைசி அலையை நிறுத்தாதே" என்ற வரியைச் சேர்க்க அவருக்கு நினைவு வர வேண்டுமானால், அந்த நினைவை இன்று நம் வீட்டில் ஊட்ட வேண்டும். எண்கணிதத்தைப் பாடசாலை கற்றுக்கொடுக்கும். அமானத்தைக் கற்றுக்கொடுப்பது உம்மாவும் வாப்பாவும்தான்.

நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொன்றையும் உரியவரிடம் சேர்ப்பிக்கும் நல்லோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.